ரவீந்திரர் கண்ட பள்ளிக்கூடம்

பரீக்ஷை நெருங்கிவிட்டால் பள்ளிக்கூடங்களில் முதலில் பலியாகிறவை சித்திர வகுப்பும் சங்கீத வகுப்புமேயாம். அந்நேரம் கணக்குக்குப் போய்விடுகிறது. பெற்றோர் அதை நஷ்டமாகக் கருதுவதில்லை. தேசத் தொண்டர்களாகிய நாமும் ஏனென்று கேட்பதில்லை. இக்குறையைப் போக்கத் தம் பொருளையும் வாழ்நாளையும் செலவிட்ட கவியரசர் ரவீந்திரநாத தாகூரின் சரித்திரத்தை இங்கு நினைவுகூர விரும்புகிறோம்.

1861-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி கல்கத்தாவில் பிறந்த ரவீந்திரர், பள்ளிக்கூடங்கள் பல மாறியும் ஒன்றிலும் நிலைக்கவில்லை. நான்கு சுவர்களும் மனப்பாடமும் அவருக்குச் சிறையாயின. வீட்டில் நிலைமை வேறு. விஷ்ணு சக்ரவர்த்தி என்னும் பாடகர், ஸ்வரப் பயிற்சியில் தொடங்காமல், நாட்டுப்புறப் பாடல்களைக் கொண்டே பிள்ளைகளுக்குச் சங்கீதத்தில் சுவை உண்டாக்கினார். யதுநாத பட்டாசார்யர் போன்ற வித்துவான்களின் பாட்டும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. இவ்வனுபவமே பின்னர் அவர் கண்ட பள்ளிக்கு வித்தாயிற்று.

1901-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி, போல்பூரை அடுத்த சாந்திநிகேதனத்தில், ஐந்தே பிள்ளைகளுடன் அப்பள்ளி தொடங்கிற்று. கையில் பணமில்லை. மனைவியார் மிருணாளினி தேவி தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார், மறுவருஷமே காலமானார். அடுத்த ஐந்து வருஷங்களுக்குள் ஒரு மகளையும், தந்தையையும், இளைய மகனையும் கவி இழந்தார். பள்ளியை மட்டும் அவர் கைவிடவில்லை. வங்கப் பிரிவினைக் காலத்தில் கிழக்கு வங்காள ஸர்க்கார், உத்தியோகஸ்தர்களின் பிள்ளைகளுக்கு அது தகாத இடமென்று சுற்றறிக்கை விட்டது. அதற்கும் அவர் அஞ்சவில்லை.

அங்கே மரத்தடியில் வகுப்பு நடந்தது. விடியற்காலையில் பிள்ளைகள் பாடிக்கொண்டே ஆசிரமத்தை வலம் வந்தனர். மழைக்கும் வசந்தத்துக்கும் விழா எடுத்தனர். தீனேந்திரநாதர் கவியின் பாடல்களையும், பீமராவ் சாஸ்திரி ஹிந்துஸ்தானி சங்கீதத்தையும் கற்பித்தனர். தென்னாட்டு மாணவி ஒருவர் பாடிய முத்துஸ்வாமி தீக்ஷிதரின் மீனாக்ஷி கிருதியைக் கேட்ட கவி, அதன் மெட்டிலேயே வங்காளியில் ஒரு பாட்டு இயற்றினார்.

1919-ல் ஜாலியன்வாலா பாக் படுகொலையைக் கண்டித்து 'ஸர்' பட்டத்தைத் துறந்த ரவீந்திரர், அதே வருஷத்தில் சித்திரம் பயிற்றக் கலாபவனத்தை நிறுவினார். இரண்டும் ஒரே உள்ளத்தின் செயல்கள் என்றே கொள்கிறோம்.

அப்பள்ளியில் படித்துவந்த விநோதவிஹாரி முகர்ஜிக்குக் கண்பார்வை மிகக் குறைவு. அவரைச் சித்திரம் பயிலச் சேர்க்கலாமா என்று ஆசிரியர்கள் ஐயுற்றபோது, ஆர்வமுள்ளவரைத் தடுக்கலாகாதென்று கவி தீர்ப்பளித்தார். அம்மாணவரே பின்னர் ஹிந்தி பவனத்துச் சுவர்களில் இடைக்காலத்துப் பக்தர்களின் வாழ்வைத் தீட்டிப் பெரும்புகழ் எய்தினார். பார்வை முற்றும் போன பின்னும் கலைத்தொழிலை விடவில்லை. 1950-ல் அமுலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்தின் மூலப் பிரதியை அலங்கரிப்பவையும், கலாபவனத்து ஆசாரியர் நந்தலால் வஸுவும் அவருடைய மாணாக்கரும் வரைந்த சித்திரங்களே.

1941-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 7-ந் தேதி ரவீந்திரர் மறைந்தார். 2023-ல் சாந்திநிகேதனம் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதுகண்டு பெருமைப்பட்டால் மட்டும் போதாது. ஊர்தோறும் ஒரு சாந்திநிகேதனம் எழுவது அரிது. ஆயின் வாரம் ஒரு நாள் பாட்டும், ஒரு நாள் சித்திரமும் ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்கச் செய்வது அரிதன்று. தம் ஊர்ப் பள்ளியில் அவ்வகுப்புகள் உண்மையிலேயே நடக்கின்றனவா என்று தொண்டர் ஒவ்வொருவரும் நேரில் சென்று விசாரிப்பாராக.