நீதித் தராசு செய்த அல்காஸினீ

பொன் நகை ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. அது முழுவதும் பொன்தானா, உள்ளே வெள்ளி கலந்திருக்கிறதா? உருக்காமலும் உரசாமலும் அறிய வேண்டும். எவ்வாறு அறிவீர்கள்?

இவ்வினாவுக்கு நீரையும் தராசையும் கொண்டு நுட்பமாக விடை கண்டவர்களில் ஒருவர் அப்துர் ரஹ்மான் அல்காஸினீ. ரோம நாட்டு வழியில் வந்த அடிமை அவர். குராஸானின் மர்வு நகரில் (இன்றைய துர்க்மெனிஸ்தானில் உள்ளது) அல்காஸின் என்னும் பட்டப்பெயருடைய ஒருவரிடம் அவர் இருந்தார். அடிமையை ஏவலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், கணிதமும் தத்துவமும் கற்கச் செய்தார் அந்த எசமானர். அவர் பெயரைக் கொண்டே அறிவுலகம் இன்றும் அல்காஸினீயை அழைக்கிறது. ஸல்ஜூக் சுல்தான் ஸன்ஜரின் பெயரால் அவர் வானியல் அட்டவணை ஒன்றையும் தொகுத்தார். அது தனிக் கட்டுரைக்குரியது.

தராசுக்கு வருவோம். அல்காஸினீக்கு முன்பு அல்இஸ்ஃபிஸாரீ என்னும் அறிஞர், பொன்னில் கலப்படத்தைக் கண்டறியும் தராசு ஒன்றைப் பல்லாண்டுகள் உழைத்துச் செய்து சுல்தானின் கருவூலத்துக்கு அளித்தார். அத்தராசு அங்கே இருந்தால் தம் மோசடி வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சிய கருவூலக் காப்பாளர் அதனை உடைத்து நொறுக்கினார். செய்தி கேட்ட முதியவர் துயரத்தால் நோயுற்று மாண்டார் என்று வரலாற்றாசிரியர் அல்பைஹகீ எழுதியுள்ளார். அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டித்துத் திருமறையில் ஓர் அத்தியாயமே அருளப்பட்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதை அந்தக் காப்பாளரும் அறியாதவராக இருந்திருக்க மாட்டார்.

உடைந்த அப்பணியை அல்காஸினீ மேற்கொண்டார். ஹிஜ்ரீ 515இல், அதாவது 1121-22இல், சுல்தான் ஸன்ஜரின் கருவூலத்துக்கென்றே ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் நூலை எழுதி முடித்தார். ‘ஞானத் தராசு’ என்பது அதன் பொருள். நீதிக்கு நடுவராக இறைவேதத்தையும் மார்க்க அறிஞர்களையும் கூறி, அவற்றோடு தராசையும் சேர்த்து வைக்கிறது அதன் முன்னுரை.

அத்தராசுக்குத் தட்டுகள் ஐந்து. அதன் கோல் சுமார் இரண்டு மீட்டர் நீளமுடையது. பொருளை முதலில் காற்றில் நிறுக்க வேண்டும். பின்னர் நீருக்குள் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். மூழ்கிய பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அந்நீரின் எடையளவு அது எடை குறையும். நூறு பங்கு தூய பொன் நீரில் ஐந்தேகால் பங்கு அளவே குறையும். வெள்ளியோ பத்துப் பங்குக்குச் சற்றுக் குறைவாக இழக்கும். இடைப்பட்ட அளவு வந்தால் கலப்படம் வெளிப்பட்டுவிடும். எல்லா நீரும் ஒரே கனமுடையதன்று, வெப்பமும் குளிரும் அதனை மாற்றும் என்பதையும் அவர் கருத்திற்கொண்டார். காற்றும் நீரைப் போலவே பொருள்களின் எடையைச் சிறிது தாங்குகிறது என்றும் எழுதினார். காற்றின் அழுத்தத்தை இத்தாலியின் டாரிசெல்லி சோதனையால் காட்டியது அதற்கு 500 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பின்னரே!

அவர் நூலின்படி பொன் நீரைப் போல் 19.05 மடங்கு கனமானது. இன்றைய கணக்கு 19.3. பாதரசம் 13.56, இன்று 13.6. இவ்வளவைகளில் பல அல்பிரூனீயின் உழைப்பால் கிடைத்தவை. அல்காஸினீ அதை மறைக்கவில்லை. ஆர்க்கிமிடீஸ், உமர் கய்யாம் முதலியோரையும் பெயர் சொல்லியே எழுதினார். அல்இஸ்ஃபிஸாரீயின் தராசும் அந்நூலில் இடம்பெற்றது.

1221இல் மங்கோலியர் மர்வை அழித்தனர். நூல் தப்பியது. ரஷ்ய அறிஞர் கானிகோஃப் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அதன் பகுதிகளை அமெரிக்க ஆய்விதழில் வெளியிட்டார்.

சுல்தான் ஸன்ஜர் ஒருமுறை அல்காஸினீக்கு 1,000 தீனார் அனுப்பிவைத்தார். அவர் அதனைத் திருப்பி அனுப்பினார். தம்மிடம் பத்துத் தீனார் இருப்பதாகவும், ஆண்டுக்கு மூன்று போதுமென்றும், வீட்டில் தம்முடன் இருப்பது ஒரு பூனை மட்டுமே என்றும் சொல்லியனுப்பினாராம்.