எழுத்தறியா அம்மையாரின் விசுவாசம்

அமெரிக்க நாட்டு நியூயார்க் மாநிலத்தில், 1797-ஆம் ஆண்டளவில் அடிமைகளுக்கு மகளாய்ப் பிறந்தார் இசபெல்லா. பின்னாளில் சோஜர்னர் ட்ரூத் எனப் புகழ்பெற்ற அம்மையார் இவரே. ஒன்பது வயதளவில் ஆட்டு மந்தையொன்றுடன் சேர்த்து நூறு டாலருக்கு விற்கப்பட்டார். டச்சு மொழி மட்டுமே அறிந்த சிறுமி, ஆங்கில ஏவல் விளங்காமையால் சவுக்கடி பட்டார். துன்பத்தில் கடவுளைக் கூப்பிடத் தாய் கற்பித்திருந்தார். அதுவே அவருடைய சீதனம்.

1826-இல் கைக்குழந்தையுடன் எசமானன் வீட்டைவிட்டு வெளியேறினார். ஐந்து வயதளவான மகன் பீட்டரோ, சட்டத்திற்கு மாறாகத் தெற்கே அலபாமாவுக்கு விற்கப்பட்டிருந்தான். அம்மையார் ஜெபித்தார், ஜெபித்துவிட்டு வாளா இருந்தாரில்லை. குவேக்கர் சபையாரின் துணையுடன் வழக்காடி, 1828-இல் மகனை மீட்டார். அவன் முதுகெங்கும் தழும்புகள்! அடிமையாயிருந்த கறுப்பினப் பெண் வெள்ளையரை எதிர்த்து வழக்கில் வெல்வது அந்நாளில் எத்துணை அரிதென்பதை நம் இளைஞர் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த மகனும் 1839-இல் திமிங்கில வேட்டைக் கப்பலேறிச் சென்று, திரும்பவேயில்லை.

அதன் பின்னரே, 1843-இல், புதுப்பெயர் பூண்டு ஊர் ஊராய்ச் சென்று நற்செய்தியையும் அடிமை ஒழிப்பையும் ஒருங்கே பேசினார்.

எழுதப் படிக்க அவருக்கு இறுதிவரை வாய்க்கவில்லை. வேதாகமத்தைச் சிறுவரைக்கொண்டே படிக்கச் செய்து கேட்பார். பெரியோர் இடையிடையே தம் விளக்கத்தை நுழைத்துவிடுவராம். அடிமை முறைக்கே வேத ஆதாரம் காட்டிய போதகர் மலிந்த நாட்டில், இவ்வெச்சரிக்கை நமக்குப் பெரிதும் பிடித்திருக்கிறது.

1865-இல் வாஷிங்டன் நகரில் குதிரை டிராம் வண்டியிலிருந்து தம்மைத் தள்ள முயன்ற நடத்துநர்மீது, தோளில் காயமுற்ற நிலையிலும் வழக்குத் தொடுத்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 68. மேலும் 18 ஆண்டுகள் வாழ்ந்து, 1883 நவம்பர் 26-ஆம் நாள் மறைந்தார்.