குனியாமல் கட்டிய சுவர்: ஃபிராங்க் கில்பிரெத்

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 1868-ஆம் ஆண்டு பிறந்தவர் ஃபிராங்க் கில்பிரெத். கல்லூரியில் சேரும் தகுதி இருந்தும், 1885-இல் தமது 17-ஆம் வயதில் கொத்தனார் வேலை பழகச் சென்றார்.

அங்கே கற்றுக்கொடுத்தவர்களே அவரைக் குழப்பினார்கள். சொல்லிக் கொடுக்கும்போது ஒரு விதமாகவும், நிதானமாக வேலை செய்யும்போது வேறு விதமாகவும், அவசரத்தில் மூன்றாவது விதமாகவும் செங்கல் வைத்தார்கள். எது சிறந்த முறை என்று அறிய, அவர்களின் அசைவுகளை எண்ணத் தொடங்கினார். ஒரு கல்லை வைக்க 18 அசைவுகள் தேவைப்பட்டன. கல்லை எடுக்க ஒவ்வொரு முறையும் குனிந்து நிமிர்ந்ததில், சிறு கல்லோடு தம் உடல் எடையையும் தொழிலாளி தூக்க வேண்டியிருந்தது.

இதற்கு விலை உயர்ந்த இயந்திரம் எதையும் கில்பிரெத் தேடவில்லை. சுவர் வளர வளர உயர்த்தக்கூடிய சாரத்தை அமைத்தார். கல்லும் சாந்தும் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தன. குறைந்த கூலி பெறும் உதவியாளர்கள் கற்களைத் தரம் பார்த்து, நல்ல பக்கம் தெரியும்படி முன்கூட்டியே அடுக்கினார்கள். சாந்து சரியான பதத்தில் இருந்ததால், கொத்துக் கரண்டியால் கல்லைத் தட்டும் வேலையும் மிச்சமானது. 18 அசைவுகள் ஐந்தாகக் குறைந்தன. மணிக்கு 120 கற்கள் வைத்தவர்கள் 350 வரை வைத்தார்கள்.

1904-இல் அவர் லில்லியனை மணந்தார். உளவியல் பயின்ற லில்லியனும் அவரும் சேர்ந்து, தொழிலாளர்களின் அசைவுகளைத் திரைப்படக் கேமராவில் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். அறுவை சிகிச்சையின்போது மருத்துவர் கருவிகளைத் தேடாமல், உதவியாளர் எடுத்துக் கொடுக்கும் முறையையும் கில்பிரெத் வலியுறுத்தினார்.

எல்லாரும் இதை வரவேற்கவில்லை. கூடுதல் உற்பத்தியின் பலன் முதலாளிக்கே போய்விடும், வேலை வாய்ப்பு குறையும் எனத் தொழிற்சங்கங்கள் அஞ்சின. அந்த அச்சம் நியாயமற்றதல்ல. மிச்சமாகும் உழைப்பின் பலனில் தொழிலாளிக்கும் பங்கு உண்டா என்ற கேள்வி இன்றும் நம்முன் நிற்கிறது.

1924-இல், 55 வயதில், கில்பிரெத் மாரடைப்பால் திடீரென இறந்தார். ஒரு பெண்ணிடம் ஆலோசனை கேட்க நிறுவனங்கள் தயங்கியபோதும், லில்லியன் அந்தப் பணியைத் தொடர்ந்தார். 1935-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

நாளை வேலைக்குச் செல்லவிருக்கும் மாணவர்களுக்குக் கில்பிரெத்தின் வாழ்க்கை ஒரு வழியைக் காட்டுகிறது. புதிய கருவிக்குப் பணம் ஒதுக்குமுன், வேலை நடக்கும் விதத்தை அருகில் நின்று கவனிக்க வேண்டும். ஒரு பலகையை உயர்த்தி வைப்பதே போதுமானதாக இருக்கலாம்.