42 வயசு, பழைய கார், எதிரே 9 ஜெர்மன் கார்கள்... நூவோலாரி ஜெயிச்ச கதை!

நீங்க ஃபார்முலா ஒன் பார்க்கிறவரா? அப்போ ஃபெராரின்னா என்னன்னு சொல்ல வேண்டியதில்ல. ஆனா, ஃபெராரி பேர்ல ஒரு கார்கூட வராத காலத்துலயே என்ஸோ ஃபெராரி ரேஸ் டீம் நடத்திட்டிருந்தார். ஓட்டினது ஆல்ஃபா ரோமியோ கார்கள். அந்த டீமுக்காக 1935-ல ஒரு குள்ளமான, ஒல்லியான மனுஷன் செஞ்ச காரியத்தை ரேஸ் பிரியர்கள் இன்னிக்கும் பேசுறாங்க. அவர் பேரு டாட்ஸியோ நூவோலாரி.

1892-ல, வட இத்தாலியில மாந்துவா பக்கத்துல இருக்கிற காஸ்டெல் தாரியோங்கிற ஊர்ல பிறந்தவர். அப்பாவும் சித்தப்பாவும் சைக்கிள் ரேஸ் வீரர்கள். இவர் பைக்ல ஆரம்பிச்சார். 1925-ல மோன்ஸாவுல ஆல்ஃபா காரை ஓட்டிப் பார்க்கப் போய், கியர்பாக்ஸ் இறுகி கார் சிதறி, முதுகெல்லாம் காயம். படுத்து ஓய்வெடுக்கச் சொன்னாங்க டாக்டர்கள். நம்மாளு கேட்கலையே! பைக் ஓட்டும்போது எப்படிக் குனிஞ்சு உட்காருவாரோ, அதே நிலையில கட்டுப் போடச் சொல்லி, மெக்கானிக்குகள் தூக்கி பைக் மேல உட்கார வைக்க, சில நாள்லயே அதே மோன்ஸாவுல பைக் ரேஸ்ல ஜெயிச்சார். இதைப் படிச்சுட்டு யாரும் டாக்டர் பேச்சை மீறிடாதீங்க ப்ளீஸ்.

அப்புறம் முழுசா கார் பக்கம் வந்தார். டார்கா ஃப்ளோரியோ, மில்லே மில்யா, லு மான்ஸ்னு அந்தக் காலத்துப் பெரிய ரேஸ் எல்லாத்துலயும் ஜெயிச்சாச்சு. வளைவுல நாலு சக்கரத்தையும் வழுக்கவிட்டே காரைத் திருப்புற ஸ்டைலுக்கு இவரைத்தான் முன்னோடின்னு சொல்வாங்க. மஞ்சள் ஜெர்ஸி, அதுல ஒரு குட்டி ஆமை. கவிஞர் தன்னுன்ஸியோ 1932-ல இவருக்கு ஒரு தங்க ஆமையைப் பரிசா கொடுத்தார். வேகத்துக்குப் பேர்போனவருக்கு ஆமை! அதையே தன் சின்னமா ஆக்கிக்கிட்டார் நூவோலாரி.

இப்போ 1935 ஜூலை 28-க்கு வருவோம். ஜெர்மன் கிராண்ட் ப்ரீ. இடம், நூர்பர்க்ரிங். ஒரு சுத்து கிட்டத்தட்ட 23 கிலோமீட்டர், மலையும் காடுமா 170-க்கும் மேல வளைவுகள். அதை 22 தடவை சுத்தணும். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு அரசுப் பணம் மெர்சிடிஸுக்கும் ஆட்டோ யூனியனுக்கும் போயிட்டிருந்த நேரம். கார் ஜெயிச்சா அது நாஜி அரசோட ஜெயிப்புன்னு காட்டுறதுதான் நோக்கம். அன்னிக்கு மெர்சிடிஸ் 5, ஆட்டோ யூனியன் 4. நூவோலாரிகிட்ட இருந்தது மூணு வருஷப் பழைய வடிவமைப்புல வந்த ஆல்ஃபா P3. இன்ஜின் பலத்துல ஜெர்மன் கார்களுக்குப் பக்கத்துலகூட வராது. இன்னொரு விஷயம், அந்த வருஷம் ஆட்டோ யூனியன்ல சேரத்தான் அவரே ஆசைப்பட்டார். அங்கே இருந்த டிரைவர்களே வேண்டாம்னு தடுத்துட்டாங்க. வேற வழியில்லாம, முன்னாடி சண்டை போட்டுப் பிரிஞ்ச ஃபெராரிகிட்டயே திரும்பி வந்திருந்தார்.

ரோடு ஈரம். அது அவருக்கு வசதியாப் போச்சு. வளைவுக்கு வளைவு நேரத்தைச் சுரண்டி, ரேஸ் பாதியை நெருங்கும்போது முதல் இடத்துக்கே வந்துட்டார். அப்புறம் பெட்ரோல் போட பிட்டுக்குள்ள வந்தா, பம்ப் வேலை செய்யல! கேன் கேனா கையால ஊத்தினாங்க. மெர்சிடிஸ்காரங்க 47 விநாடியில முடிச்ச வேலைக்கு இவங்களுக்கு 2 நிமிஷம் 14 விநாடி ஆச்சு. வெளியே வரும்போது ஆறாவது இடம்.

உங்களுக்கோ எனக்கோ அந்த இடத்துல மனசு விட்டுப்போயிருக்கும். அவர் மறுபடியும் ஒவ்வொருத்தரா பிடிச்சு, ரெண்டாவது இடத்துக்கு வந்தார். முன்னாடி ஒருத்தர்தான் பாக்கி, மெர்சிடிஸ்ல வான் பிராவ்கிச். கடைசிச் சுத்து ஆரம்பிக்கும்போது ரெண்டு பேருக்கும் நடுவுல அரை நிமிஷத்துக்கு மேல இடைவெளி. ஆனா, பின்னாடி துரத்துற ஆளுக்குப் பயந்து விரட்டி விரட்டி ஓட்டினதுல பிராவ்கிச்சோட டயர் தேய்ஞ்சுபோயிருந்தது. மாத்த நின்னா முதலிடம் போயிடும், நிக்காம போனா டயர் தாங்குமான்னு தெரியாது. நிக்கல. கடைசிச் சுத்துல டயர் வெடிச்சது. நூவோலாரி தாண்டிப் போயிட்டார்.

அன்னிக்கு லட்சக்கணக்குல கூட்டம். கோட்டைத் தாண்டி முதல்ல வந்தது சிவப்பு கார்னு பார்த்ததும் ஒரு நிமிஷம் அமைதியாயிட்டாங்களாம். இத்தாலி தேசிய கீதத்தோட ரெக்கார்டு அவங்ககிட்ட தயாரா இல்லைன்னும், நூவோலாரியே ஒண்ணு கையோட கொண்டுபோயிருந்தார்னும் ஒரு கதை உண்டு. நிஜமோ பொய்யோ, கேட்க நல்லாத்தான் இருக்கு. ரெண்டாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் ஜெர்மன் கார்கள்தான். பிராவ்கிச், டயர் போன காரை இழுத்துட்டு அஞ்சாவதா வந்து சேர்ந்தார்.

இந்த மனுஷனோட வீட்டுக்கதை வேற மாதிரி. 1937-ல ரேஸுக்காக அமெரிக்காவுக்குக் கப்பல்ல போயிட்டிருந்தப்போ மூத்த மகன் ஜியார்ஜியோ இறந்துட்டான். 1946-ல இளையவன் ஆல்பெர்டோவும் போயிட்டான். ரெண்டு பேருமே நோயிலதான் போனாங்க, ரெண்டு பேருமே 20 வயசைத் தொடல.

அதுக்குப் பிறகும் அவர் நிறுத்தல. அவர் நுரையீரல் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. வருஷக்கணக்கா சுவாசிச்ச புகைதான் காரணம்னு சொல்வாங்க. அந்த 1946-லயே டூரின்ல நடந்த ரேஸ்ல ஸ்டீயரிங் கையோட கழண்டு வந்துடுச்சு. அதைத் தூக்கி மெக்கானிக்குகளுக்குக் காட்டிக்கிட்டே பிட்டுக்கு ஓட்டி வந்தார்! 1948 மில்லே மில்யாவுல, 55 வயசுல, ஃபெராரி காரோட பானெட் பறந்துபோச்சு, மட்கார்டு போச்சு, சீட்டு ஆடிச்சு. அப்பவும் முதல் இடத்துலதான் போயிட்டிருந்தார். கடைசியில ஸ்பிரிங் உடைஞ்சு கார் நின்னுடுச்சு.

1950-ல சிசிலியில ஒரு மலையேற்ற ரேஸ், அதுதான் கடைசி. 1953 ஆகஸ்ட் 11-ல பக்கவாதம் வந்து இறந்தார். மாந்துவாவுல நடந்த இறுதி ஊர்வலத்துக்கு ஆயிரக்கணக்குல ஜனம். சவப்பெட்டியில அவருக்கு அதே மஞ்சள் ஜெர்ஸியைத்தான் போட்டிருந்தாங்க, பக்கத்துல ஒரு ஸ்டீயரிங்.