உள்ளங்களுக்கு வழித்துணையான உத்தமர்

நல்லவர்களாக மாற வேண்டும் என்று வீட்டிலும் பள்ளியிலும் கோவிலிலும் நாம் நாள்தோறும் கேட்கிறோம். மாறவும் ஆசைப்படுகிறோம். ஆயினும் விபூதிப் புதனன்று எடுக்கும் தீர்மானம் உயிர்த்த ஞாயிறுவரை நிலைப்பது எத்தனை கடினம்! மாறு என்று சொல்பவர் பலர். மாறும்வரை கூடவே நடந்து வருபவர் சிலரே. அந்தச் சிலருள் முதல் வரிசையில் நிற்பவர் புனித லொயோலா இஞ்ஞாசியார்.

1491ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் வடக்கே, பாஸ்க் பகுதியிலுள்ள லொயோலாவில், உயர்குடிக் குடும்பமொன்றின் கடைக்குட்டியாக அவர் பிறந்தார். இனிகோ என்பது அவருக்கு இட்ட பெயர். பகட்டான உடை, வாள் வீச்சு, வீரப் புகழ் இவையே அவருடைய கனவுகள். 1521 மே 20ஆம் நாள் பாம்ப்லோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது, பீரங்கிக் குண்டு அவருடைய வலக்காலை முறித்தது. எலும்பு கோணலாகக் கூடியதால் மீண்டும் முறித்துக் கட்டினார்கள். அதன் பின்னும் முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்தி நின்றது. அழகிய காலணி அணிய முடியாதே என்று அதையும் அறுத்தெடுக்கச் சொன்னார். மயக்க மருந்து இல்லாத காலம் அது!

படுக்கையில் பொழுது போகாமல் வீரக் கதைகள் கேட்டார். வீட்டில் கிடைத்தவையோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். அவற்றைப் படித்தபோது தம் உள்ளத்தில் ஒன்றைக் கவனித்தார். அரண்மனைப் பெருமைகளை எண்ணும்போது இன்பமாக இருந்தது. பிறகு மனம் வறண்டு போயிற்று. புனிதர்களைப் போல வாழ எண்ணினாலோ, எண்ணம் அகன்ற பின்னும் மகிழ்ச்சி தங்கிற்று. பிற்காலத்தில் அவர் பிறருக்குக் கற்பித்ததெல்லாம் இந்தச் சிறு கவனிப்பிலிருந்து பிறந்ததே.

1522ஆம் ஆண்டு மார்ச் மாதம் மொன்செராத் தேவமாதாவின் திருத்தலத்தில் தம் வாளைக் காணிக்கையாக்கி, விலையுயர்ந்த உடையை ஓர் ஏழைக்குக் கொடுத்தார். பிறகு மன்ரேசா என்னும் ஊரில் பல மாதங்கள் தங்கினார். அங்கே தலைமயிரையும் நகத்தையும் வெட்டாமல் விட்டார். கடுமையான உபவாசம் இருந்தார். பழைய பாவங்களின் நினைவு ஓயாது வாட்டியது. வாழ்வே வேண்டாம் என்னும் அளவுக்குச் சோர்ந்தார். பாவசங்கீர்த்தனம் கேட்ட குருவின் சொற்படி மீண்டும் உணவு உண்டார். பின்னர் நகமும் வெட்டினார், தலையும் திருத்தினார். உடலை வதைத்தால் உள்ளம் திருந்திவிடாது, உடல், அறிவு, உணர்வு, ஆன்மா எல்லாம் சேர்ந்தே மாற வேண்டும் என்று பட்டறிந்தார். அங்கே எழுதத் தொடங்கிய குறிப்புகளே ஞானப் பயிற்சிகள் என்னும் நூலாயின. 1548இல் பாப்பரசர் மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் அளித்தார்.

முப்பது நாட்கள், நான்கு வாரங்களாகப் பிரிந்த பயிற்சி அது. செபத்தோடு, உண்ணும் அளவு, அமரும் முறை, அறையின் வெளிச்சம்கூட அதில் கவனிக்கப்படுகின்றன. நற்செய்திக் காட்சிகளைக் கண்ணால் காண்பது போலவும் காதால் கேட்பது போலவும் கற்பனை செய்யச் சொல்கிறார். வயது, கல்வி, உடல்நலம் பார்த்துப் பயிற்சியைக் குறைக்கலாம், மாற்றலாம் என்கிறார். வழிகாட்டுபவர் அதிகம் பேசக்கூடாது. தாமே கண்டடைவதுதான் உள்ளத்துக்குச் சுவைக்கும் என்பது அவர் கருத்து. எந்தப் பக்கமும் தள்ளாமல், தராசின் முள்ளைப் போல நடுவில் நின்று, கடவுளும் அந்த உள்ளமும் நேரே பேச இடம்விட வேண்டும். மனம் சோர்ந்திருக்கும்போது பழைய தீர்மானத்தை மாற்றவே கூடாது என்பதும் அவர் தந்த விதி.

தாம் எழுதியதை வாழ்ந்தும் காட்டினார். குருவாகப் படிப்பு வேண்டுமென்று, முப்பது வயதைத் தாண்டிய பிறகு பார்சலோனாவில் சிறுவர்களோடு உட்கார்ந்து இலத்தீன் படித்தார். 1528இல் பாரிசுக்குச் சென்றார். அங்கே அவரோடு ஒரே அறையில் தங்கியவர்கள் பீட்டர் பேபரும் பிரான்சிஸ் சவேரியாரும். ஆடு மேய்த்து வளர்ந்த பேபர் கூச்சமும் மனக்குழப்பமும் நிறைந்தவர். அவர் இஞ்ஞாசியாருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். இஞ்ஞாசியார் அவருக்கு மன அமைதியின் வழியைக் காட்டினார். அவசரப்படவில்லை, ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் காத்திருந்து, 1534இல்தான் முழுப் பயிற்சியையும் தந்தார். பதவியும் புகழும் நாடிய சவேரியாரோ எளிதில் இணங்கவில்லை. அவரையும் கடிந்துகொள்ளாமல், தேவைப்பட்டபோது உதவி, நண்பராகவே நின்று வென்றார். அந்தச் சவேரியார்தான் 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, கடற்கரை ஊர்களில் மணியடித்துச் சிறுவரைக் கூட்டித் தமிழிலேயே செபங்களைக் கற்பித்தவர்!

1540இல் இயேசு சபைக்குப் பாப்பரசரின் அங்கீகாரம் கிடைத்தது. சபைத் தலைவரான பின்னும் இஞ்ஞாசியார் தனிமனிதரை மறக்கவில்லை. தவறான வாழ்வை விட்டு வெளியேற விரும்பிய பெண்களுக்காக உரோமையில் புனித மார்த்தா இல்லத்தைத் தொடங்கினார். அதுவரை அத்தகையோர் கன்னியர் மடத்தில் சேர்ந்தால்தான் புகலிடம் உண்டு. இங்கோ, மடமா இல்லறமா என்று அவர்களே முடிவு செய்ய விட்டார். அவர்கள் பழைய வழிக்கே திரும்பிவிடுவார்கள் என்று சிலர் எள்ளினர். ஒருத்தி ஓர் இரவு பாவத்தைத் தவிர்த்தாலும் தம் உழைப்பு வீணன்று என்பதே அவர் எண்ணம். 1556 ஜூலை 31ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்; 1622இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

அன்புத் தோழியரே! பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பாடம், எந்த வாழ்வு என்ற கேள்வி நம் முன் நிற்கிறது. ஆலோசனை சொல்வோருக்குக் குறைவில்லை. இஞ்ஞாசியாரோ முடிவைச் சொல்லாமல் வழியைச் சொல்கிறார்: நன்மை தீமைகளை எடைபோட்டுப் பார்; முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன சொல்வாய் என்று எண்ணு; இறுதி வேளையில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவாய் என்றும் எண்ணு; பிறகு செபித்து முடிவெடு. நம் தோழி ஒருத்தி திருந்த விரும்பும்போது, அவளுக்கு அறிவுரை மழை பொழிய வேண்டாம். பேபருக்காக நான்கு ஆண்டுகள் காத்திருந்தவரை நினைத்து, அவள் பக்கத்தில் அமர்ந்து கேட்போம். புனித இஞ்ஞாசியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!