வாதத்திலும் வரம்பு காத்த மௌலானா மதனீ (ரஹ்)

தேவபந்து தாருல் உலூமில் முப்பது ஆண்டுக்காலம் ஹதீஸ் கலை போதித்த ஷைகுல் இஸ்லாம் மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனீ (ரஹ்) அவர்களின் பெயரைக் கேள்விப்படாத ஆலிம் நம் தமிழகத்தில் இருக்க மாட்டார். ஆனால் நம் இல்லங்களில் அன்னாரின் பெயர் தெரிந்த அளவுக்கு வரலாறு தெரியவில்லை. தெரிந்தவர்களும் மால்டாச் சிறைவாசத்தைச் சொல்லி நிறுத்திக் கொள்கிறார்கள். வெள்ளையர் ஆட்சியிடம் அவர்கள் பட்ட துன்பம் பெரிதுதான். அதைவிட, சொந்தச் சமுதாயத்தாரிடம் பட்ட துன்பத்தையும், அந்த வேளையில் அவர்கள் நடந்து கொண்ட விதத்தையும் இன்று நாம் அறிந்து கொள்வது அவசியம் என்று கருதியே இதை எழுதுகிறேன்.

ஹிஜ்ரி 1296 ஷவ்வால் மாதம், அதாவது 1879 அக்டோபர் 6ஆம் நாள், உன்னாவ் மாவட்டத்துப் பங்கர்மவ் என்னும் ஊரில் பிறந்தார்கள். பூர்வீகம் ஃபைஸாபாத் பக்கத்து டாண்டா. தந்தை ஸய்யித் ஹபீபுல்லாஹ் பள்ளி ஆசிரியர். சிறு வயதிலேயே தேவபந்துக்கு அனுப்பப்பட்டு, ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூத் ஹஸன் (ரஹ்) அவர்களிடம் ஓதினார்கள். ஓதி முடித்த காலத்தில் தந்தையார் குடும்பத்தோடு மதீனா முனவ்வராவுக்குக் குடியேறவே, மகனாரும் உடன் சென்றார்கள். அங்கே வறுமை வாட்டியது. அந்த வறுமையிலும் மஸ்ஜிதுந் நபவியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தினார்கள். மதனீ என்ற பெயர் அங்கிருந்து வந்ததே.

1916ஆம் ஆண்டு ஹிஜாஸில் ஷரீஃப் ஹுஸைன் துருக்கியரை எதிர்த்துக் கிளம்பினார். பின்னால் பிரிட்டிஷார் இருந்தனர். துருக்கியர்களைக் காஃபிர்கள் என்று தீர்ப்பளிக்கும் ஃபத்வா ஒன்று தயாராகி, ஹிஜாஸுக்கு வந்திருந்த ஷைகுல் ஹிந்த் அவர்களிடம் கையெழுத்துக்கு வந்தது. அவர்கள் மறுத்துவிட்டார்கள். அரசியல் தேவைக்காக ஒரு சமுதாயத்தையே இஸ்லாத்தை விட்டு வெளியேற்ற ஓர் ஆலிமின் பேனா இணங்கக் கூடாது என்பது அவர்களின் நிலை. அந்த மறுப்பும், ஆங்கில ஆட்சிக்கு எதிராக அவர்கள் முன்பே செய்துவந்த முயற்சிகளும் சேர்ந்து கைதில் முடிந்தன. மதனீ அவர்களையும் பிடித்தார்கள். உஸ்தாதை எங்கே கொண்டு போகிறீர்களோ அங்கேயே தம்மையும் அனுப்பும்படி அவர்கள் வேண்டிக் கொண்டார்கள் என்பது வரலாறு.

1917 முதல் மூன்றாண்டுகளுக்கு மேல் மால்டாத் தீவில் காவல். குளிர்காலத்தில் முதிய உஸ்தாத் தஹஜ்ஜுதுக்கு ஒளூ செய்ய வேண்டுமே என்று, தண்ணீர்ப் பாத்திரத்தை இரவெல்லாம் தம் உடம்போடு அணைத்துக் குளிர் போக்கி வைத்திருந்தார்கள் என்று நம் மத்ரஸாக்களில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி இந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான். 1920இல் விடுதலையாகி பம்பாய் வந்து இறங்கினார்கள். அதே ஆண்டு நவம்பர் 30இல் ஷைகுல் ஹிந்த் வஃபாத்தானார்கள்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. மால்டாவுக்கு முன்பு ஷைகுல் ஹிந்த் அவர்களின் திட்டம் எல்லைப் பக்கத்திலிருந்து படை திரட்டுவது. திரும்பி வந்தபின் அவர்கள் ஃபத்வா கொடுத்ததோ ஒத்துழையாமைக்கு. அரசாங்கப் பட்டத்தை விடு, அரசாங்க உதவியை விடு, மற்ற மதத்தாரோடு சேர்ந்து அமைதியான வழியில் நில் என்பதுதான் அதன் சாரம். மாணவரும் அதையே வாழ்நாள் முழுக்கப் பின்பற்றினார்கள். மதப் பற்று மிகுந்தால் வன்முறை வரும் என்று பேசித் திரிகிறவர்களுக்கும், வன்முறையில்லாத மதப்பற்று கோழைத்தனம் என்று நினைக்கிற நம் வாலிபர்கள் சிலருக்கும் இந்த இரு பெரியார்களின் வரலாறு தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

1921 ஜூலையில் கராச்சியில் கிலாஃபத் மாநாடு கூடியது. ஆங்கிலேயர் ராணுவத்தில் பணிபுரிவது முஸ்லிம்களுக்கு ஹராம் என்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது. அதற்காக மௌலானா முஹம்மது அலீ, ஷௌகத் அலீ, டாக்டர் கிச்சுலூ முதலியவர்களோடு மதனீ அவர்களும் வழக்கை எதிர்கொண்டார்கள். ஒரு சங்கராச்சாரியாரும் அந்தக் குற்றவாளிக் கூண்டில் நின்றார். அவர் விடுவிக்கப்பட்டார். மற்றவர்களுக்கு இரண்டாண்டுக் கடுங்காவல். 1927இல் தாருல் உலூமின் தலைமைப் பேராசிரியர் பொறுப்புக்கு வந்து, வஃபாத்தாகும் வரை அதில் இருந்தார்கள். 1940 முதல் ஜம்இய்யத்துல் உலமாவின் தலைவர் பொறுப்பும் சேர்ந்தது. 1942இலிருந்து 1944 வரை முராதாபாத், நைனீ சிறைகளில் இருந்தார்கள்.

இனி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

1938 ஜனவரியில் டெல்லியில் ஒரு கூட்டத்தில் பேசும்போது, இக்காலத்தில் கௌம்கள் வதன்களைக் கொண்டே அமைகின்றன என்ற கருத்தை மதனீ அவர்கள் சொன்னார்கள். அதாவது, ஒரு நாட்டில் வாழ்பவர்களை ஒரு தேசத்தாராக உலகம் கணக்கிடுகிறது என்பது. சில பத்திரிகைகள் அந்தப் பேச்சைத் திரித்து வெளியிட்டன. கௌம் என்ற இடத்தில் மில்லத் என்ற சொல் போய் உட்கார்ந்தது. ஒரு சொல்தான் மாறியது. மில்லத் என்றால் மார்க்க சமுதாயம். முஸ்லிம்களின் மார்க்க உறவே மண்ணைப் பொறுத்தது என்று தேவபந்தின் தலைவர் சொல்லிவிட்டார் என்று பொருள் வந்துவிட்டது. நம் தமிழில் இரண்டு சொல்லுக்கும் சமுதாயம் என்றே எழுதிவிடுகிறோம். அதனால் இந்த வித்தியாசம் நம்மவர்களுக்கு எளிதில் பிடிபடுவதில்லை.

லாகூரில் அல்லாமா இக்பால் நோய்ப் படுக்கையில் இருந்தார். செய்தியைப் படித்து மனம் கொதித்துச் சில வரிகளில் ஒரு பாட்டு எழுதினார். மௌலானாவின் பெயரைச் சொல்லியே இடித்துரைத்த பாட்டு அது. நாடெங்கும் பரவிற்று. அவரைப் போன்ற கவிஞர் சொன்னபின் யார் விசாரிப்பார்கள்? பேச்சை நேரில் கேட்டவர்களைவிடப் பாட்டைக் கேட்டவர்கள் ஆயிரம் மடங்கு அதிகம்.

நல்ல வேளையாக, தாலூத் என்ற புனைபெயர் கொண்ட ஒருவர் இடையில் நின்று இருவருக்கும் கடிதம் எழுதினார். மதனீ அவர்கள் தாம் சொன்னது என்ன, சொல்லாதது என்ன என்று விளக்கி எழுதினார்கள். இக்காலத்து உலக நடப்பு இதுவென்று எடுத்துச் சொன்னேனேயன்றி, முஸ்லிம்கள் தம் மார்க்க அடிப்படையை விட்டு மண்ணைப் பற்றிக் கொள்ள வேண்டும் என்று உபதேசிக்கவில்லை என்பது அவர்கள் பதில். அந்தக் கடிதம் இக்பாலுக்குக் காட்டப்பட்டது. விளக்கம் வந்தபின் தமக்கு ஆட்சேபிக்க உரிமையில்லை என்று இக்பால் பத்திரிகைக்கு எழுதினார். அது 1938 மார்ச் 28இல் லாகூர் இஹ்ஸான் பத்திரிகையில் வெளியாயிற்று. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 21இல் இக்பால் மரணமடைந்தார்.

கொள்கையில் இருவரும் கடைசி வரை ஒன்றுபட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒன்றுபடவில்லை. ஆனால் சொல்லாததைச் சொன்னதாக ஒருவர் தலையில் கட்டிய குற்றத்திலிருந்து ஒரு மேதை பகிரங்கமாக விலகிக் கொண்டார். இக்பாலை ஏசுவதற்கு மதனீ அவர்களின் பெயரைப் பயன்படுத்துகிற சிலர் இந்தப் பாதியை மறைத்து விடுகிறார்கள். அது நியாயமில்லை. மதனீ அவர்களை ஏசுவதற்கு அந்தப் பாட்டைப் பயன்படுத்துகிறவர்களும் அதே பாதியைத்தான் மறைக்கிறார்கள். இக்பால் மறைந்த பின், அதே ஆண்டு நவம்பரில் வெளியான அவரது கடைசித் தொகுப்பில் அந்தப் பாட்டு அப்படியே அச்சாகிவிட்டது. விலகல் கடிதம் பழைய பத்திரிகையோடு போயிற்று. பாட்டு இன்றும் வாழ்கிறது.

மதனீ அவர்கள் தம் கருத்தை முத்தஹிதா கௌமிய்யத் அவ்ர் இஸ்லாம் என்ற நூலாக எழுதினார்கள். அதில் வசைக்கு வசை இல்லை. ஆதாரங்கள்தாம் இருக்கின்றன. நபிமார்கள் தம்மை மறுத்தவர்களையும் தம் கௌம் என்றே விளித்ததைக் குர்ஆனிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் எழுதச் செய்த உடன்படிக்கையில், யூதர்கள் தம் மார்க்கத்தில் இருந்துகொண்டே முஸ்லிம்களோடு ஓர் அணியாகச் சேர்க்கப்பட்டதைக் காட்டினார்கள். மார்க்கம் தனித்து நிற்கும், நாட்டுக் காரியத்தில் கை சேரும் என்பது அவர்களின் வாதம்.

எங்கள் ஊத்துக்கோட்டையில் இருப்பவர்களுக்கு இது விளங்காத விஷயமல்ல. ஆரணி ஆற்றங்கரையில் எல்லை ஊர். பக்கத்து ஸத்தியவேடு 1960இல் ஆந்திராவுக்குப் போயிற்று. கோடு மாறியது, அங்கே வாழ்ந்தவர்களின் தொழுகையோ கல்யாண உறவோ மாறவில்லை. மாநிலம் வேறு, மார்க்கம் வேறு என்பதை எங்கள் பெரியவர்கள் கிதாபு ஓதாமலே அறிந்திருந்தார்கள். ஆனால் இன்று இதே ஊர் டீக்கடையிலும், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகிற பஸ்ஸிலும் நடக்கும் வாதங்கள் வேறு வகை. எங்கோ ஒரு குண்டு வெடித்தால், இங்கே தொப்பி போட்டவனிடம் விளக்கம் கேட்கிறார்கள். கேட்கப்பட்டவன் நிதானமிழந்து, செய்தவனுக்குப் பரிந்து பேசுவது போல் ஏதோ சொல்லிவிடுகிறான். மறுநாள் அவன் சொன்னது, அவன் சொல்லாத ஒன்றாகக் கைபேசியில் சுற்றுகிறது. கௌம், மில்லத் ஆன கதைதான்.

நமக்குள் நடப்பதும் சளைத்ததல்ல. கருத்து மாறுபட்டவனை முனாஃபிக் என்பதும், வழிகெட்டவன் என்பதும், அடுத்த தெருப் பள்ளியில் தொழுவதையே விட்டுவிடுவதும் சாதாரணமாகிவிட்டது.

1945-46 தேர்தல் காலம் இதன் உச்சம். முஸ்லிம் லீகுக்கு எதிரான அணியில் நின்று மதனீ அவர்கள் ஊர் ஊராகச் சென்றார்கள். வங்காளம், பீகார் பக்கங்களில் ரயில் நிலையங்களில் கூட்டம் சூழ்ந்து கொண்டது. தலையிலிருந்த தொப்பியைப் பறித்தார்கள், ஏசினார்கள், தாக்கவும் முனைந்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது 66. மஸ்ஜிதுந் நபவியில் ஹதீஸ் சொல்லிக் கொடுத்தவர். செய்தவர்களோ கலிமாச் சொன்னவர்கள், மார்க்கத்தைக் காப்பதாக நினைத்துச் செய்தவர்கள். ஆனாலும் அவர்களைச் சபிக்கவோ, பழி வாங்க ஆள் ஏவவோ மௌலானா முற்படவில்லை. அடுத்த கூட்டத்துக்குப் போனார்கள், மறுபடியும் வாதங்களைச் சொன்னார்கள். அவ்வளவே.

வரம்பு மீறியவர்கள் எதிரணியில் மட்டும் இருந்தார்கள் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. தேவபந்தின் இன்னொரு மாமேதை அல்லாமா ஷப்பீர் அஹ்மத் உஸ்மானீ (ரஹ்) லீகை ஆதரித்தார்கள். 1945 டிசம்பரில் மதனீ அவர்களும், முஃப்தீ கிஃபாயத்துல்லாஹ் முதலியோரும் தேவபந்தில் உஸ்மானீ அவர்களின் வீடு தேடிச் சென்று பேசினார்கள். தாருல் உலூம் மாணவர்கள் சிலர் தம்மை இழிவாக ஏசி எழுதியதை உஸ்மானீ அவர்கள் வந்தவர்களிடம் வேதனையோடு எடுத்துச் சொன்னார்கள். நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச வந்த இடத்தில் பெரியவர்கள் மாணவர்களின் வாய்த் துடுக்கைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. நீண்ட நேரம் பேசியும் உடன்பாடு வரவில்லை. ஆனாலும் ஒரே உஸ்தாதிடம் ஓதிய இருவர், எதிரெதிர் அணியில் நின்றுகொண்டே ஒரு வீட்டுக்குள் அமர்ந்து கிதாபைப் புரட்டிப் பேசினார்கள் என்பதை, இயக்கச் சண்டையில் ஸலாம் சொல்வதையே நிறுத்திக் கொண்ட நம் காலத்தார் எண்ணிப் பார்க்கட்டும். உஸ்மானீ அவர்கள் பின்னர் பாகிஸ்தானில் வாழ்ந்து, 1949இல் மறைந்தார்கள்.

1947 வந்தது. பஞ்சாபில் ரத்த ஆறு. ஸஹாரன்பூர் மாவட்டம் எல்லைக்கு அருகே இருப்பதால் குடும்பம் குடும்பமாக மூட்டை கட்டினார்கள். போவதா, இருப்பதா என்று ஆலோசிக்க மதனீ அவர்களும், ஷாஹ் அப்துல் காதிர் ராய்ப்பூரீ (ரஹ்) அவர்களும், ஃபழாயில் கிதாபுகளால் நம் இல்லங்களுக்கு அறிமுகமான ஷைகுல் ஹதீஸ் ஸகரிய்யா (ரஹ்) அவர்களும் ஒன்று கூடினார்கள். இருப்பது என்று முடிவாயிற்று. பெரியவர்கள் போகவில்லை என்ற செய்தி பரவியதும் அவிழ்ந்த மூட்டைகள் எத்தனையோ. மதனீ அவர்கள் பல இடங்களுக்கும் சென்று மக்களைத் தைரியப்படுத்தினார்கள். தம்மைத் தொப்பி பறித்து அவமதித்த கட்சியின் ஆதரவாளர்களும் அந்த மக்களில் இருந்தார்கள். நான் அன்றே சொன்னேனே என்று குத்திக் காட்ட அதைவிட வசதியான நேரம் வாய்க்காது. அவர்கள் செய்யவில்லை. பாகிஸ்தானைப் பற்றிக் கேட்டவர்களிடம், பள்ளிவாசல் கட்டுமுன் இடம், அளவு பற்றி வாதாடலாம், கட்டி முடித்தபின் அது பள்ளிவாசல்தான் என்ற கருத்தில் பதிலளித்ததாகச் சொல்லப்படுவதுண்டு.

சுதந்திரத்துக்குப் பின் பதவி எதையும் நாடவில்லை. 1954இல் அரசு பத்ம பூஷண் விருது அறிவித்தபோது ஏற்க மறுத்துவிட்டார்கள். அந்நியர் தந்த பட்டங்களைத் துறக்கச் சொன்ன உஸ்தாதின் மாணவருக்கு, நம்மவர் தந்த பட்டமும் வேண்டியிருக்கவில்லை. புகாரீ, திர்மிதீ பாடங்களும், விருந்தாளிகள் குறையாத தஸ்தர்கானும், இரவு வணக்கமுமாகக் கடைசி ஆண்டுகள் கழிந்தன.

1957 டிசம்பர் 5, வியாழக்கிழமை, தேவபந்தில் வஃபாத்தானார்கள். ஸகரிய்யா (ரஹ்) அவர்கள் ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். மால்டாவரை பின்தொடர்ந்து சென்ற உஸ்தாத் ஷைகுல் ஹிந்த் அவர்கள் அடங்கியிருக்கும் காஸிமீ மையவாடியிலேயே நல்லடக்கம் நடந்தது.