ஊர் தந்த பெயரும் பெயர் தந்த ஊரும்

கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், அரிசில் கிழார் எனச் சங்கச் சான்றோர் பலர் ஊர்ப் பெயராலேயே நமக்கு அறிமுகமாகின்றனர். கிழார் என்பது உரிமையுடையார் என்னும் பொருட்டு. பெற்றோர் இட்ட பெயர் மறைய, ஊர் தந்த பெயரே அவர்க்கு நிலைத்துவிட்டது. மேனாட்டிலும் குடிப்பெயர்கள் பல இங்ஙனமே தோன்றின. அவற்றுள் ஒன்று, ஆங்கில நாட்டுச் சிற்றூர் ஒன்றிற் பிறந்து, ஒரு குடியைச் சார்ந்து, கடல் கடந்து சென்று, ஈற்றில் ஒரு பெருநாட்டின் தலைநகருக்கே பெயராயிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதற் சனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டனின் பெயரே அது. அப்பெயரின் வழி நின்று அவர் வாழ்வை நோக்குவார்க்கு, போர்க்களச் செய்திகளுள் மறைந்துபோகும் வேறொரு வரலாறும் புலனாகும்.

இங்கிலாந்தின் வடபாலில், டர்ஹம் நகருக்கு அணித்தாய், வியர் ஆற்றங்கரையில் உள்ளது வாஷிங்டன் என்னும் பழைய ஊர். பழைய ஆங்கில மொழியில் 'இங்' என்பது வழித்தோன்றல்களையும், 'தூன்' என்பது குடியிருப்பையும் குறிக்கும். ஹ்வாசா என்பான் ஒருவனுடைய வழியினர் குடியிருந்த இடம் என்பதே அவ்வூர்ப் பெயரின் பொருள் என்று இடப்பெயர் ஆய்ந்தோர் பலர் கொள்வர். ஆகவே, ஊரின் பெயரே ஒரு வமிசாவளியைத் தன்னுள் அடக்கி நின்றது.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே வில்லியம் என்னும் வீரர் ஒருவர், தமக்கிருந்த ஹார்ட்பேண் என்னும் ஊரை டர்ஹம் மேற்றிராணியாருக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக இவ்வூரைப் பெற்றார். ஊர் மாறவே அவர் பெயரும் மாறிற்று. ஹார்ட்பேண் வில்லியம் வாஷிங்டன் வில்லியம் ஆயினார். அன்று அந்நில மாற்றம் நிகழாதிருப்பின், இன்று அமெரிக்கத் தலைநகர் வேறொரு பெயரால் வழங்கும்.

அக்குடியின் கிளைகள் காலப்போக்கில் தெற்கு நோக்கிப் பரந்தன. ஆட்டுமயிர் வாணிகத்தாற் செல்வமீட்டிய லோரன்ஸ் வாஷிங்டன் என்பார், மடாலயங்கள் கலைக்கப்பட்ட காலத்தில், 1539இல், நோதாம்ரன் பகுதியில் உள்ள சல்கிறேவ் என்னும் நிலத்தை வாங்கினார். அவர் வழியில் வந்த மற்றொரு லோரன்ஸ் எசெக்ஸ் பகுதியிலே குருவாய் இருந்தார். உள்நாட்டுப் போரின்போது, 1643இல், அவர் தம் பதவியை இழந்தார், குடும்பம் நலிந்தது. அவர் மைந்தர் ஜோன் என்பார் கப்பற்றொழிலில் இறங்கி, 1657ஆம் ஆண்டளவில் வேர்ஜீனியாவை அடைந்தார். அவர் வந்த கப்பல் ஆற்றிலே தரைதட்டிற்று. அவரும் அந்நாட்டிலேயே தங்கிவிட்டார். இந்த ஜோனே ஜோர்ஜ் வாஷிங்டனின் பூட்டனார்.

ஜோர்ஜ் 1732ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள் பிறந்தார். பதினொரு வயதிலே தந்தையை இழந்தார். அச்சிறுவருக்குத் தந்தைவழி வந்த உடைமைகளுள் நிலமும் இருந்தது. அடிமைகள் பதின்மரும் இருந்தனர். உயர்தரக் கல்லூரிக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. கணிதத்தைத் துணைக்கொண்டு நில அளவையைக் கற்று, பதினேழாம் வயதிலேயே கல்பெப்பர் பகுதியின் நில அளவையாளரானார். காடும் மலையும் அளந்து எல்லை குறித்த அப்பயிற்சி, பின்னாளிற் படை நடத்துதற்கும் அவருக்கு உதவிற்று.

அவர் வாழ்ந்த மனையின் பெயரும் ஒரு பெயர்க்கதை உடையது. அவருடைய தமையனார் லோரன்ஸ், எட்வேட் வேர்ணன் என்னும் கடற்படைத் தலைவரின் கீழ்ப் பணியாற்றியவர். அத்தலைவர்மீது கொண்ட மதிப்பினாலே தம் மனைக்கு மவுண்ட் வேர்ணன் எனப் பெயரிட்டார். வேர்ணன் என்னும் குடிப்பெயரோ பிரான்சிய நாட்டு நோமண்டியில் உள்ள ஊரொன்றின் பெயர். தமையனார் 1752இல் மறைந்தபின், அம்மனை காலப்போக்கில் ஜோர்ஜுக்கு உரியதாயிற்று.

பின் நிகழ்ந்தவை மாணவர் பலரும் அறிந்தவையே. 1775இல் குடியேற்ற நாடுகளின் படைக்குத் தலைமை ஏற்றார். 1781இல் யோக்டவுணிலே ஆங்கிலப் படை சரணடைந்தது. வெற்றி பெற்ற தளபதி தாமே ஆட்சியைக் கைக்கொள்ளுதல் உலக வழக்காய் இருக்க, அவர் 1783 டிசெம்பரிலே தம் பதவியை மக்கட் பேரவையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மனைக்கு மீண்டார். 1789இல் முதற் சனாதிபதியானார். இருமுறை அப்பதவி வகித்து 1797இல் தாமே விலகினார்.

புதிய தலைநகருக்குரிய இடத்தைத் தெரிவு செய்யும் பொறுப்பு 1790ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவரைச் சார்ந்தது. பொத்தோமாக்கு ஆற்றங்கரையில் எல்லை வகுக்கப்பட்டது. பணியை மேற்பார்த்த ஆணையாளர் மூவர் 1791 செத்தெம்பரிலே அந்நகருக்கு வாஷிங்டன் எனப் பெயரிட்டனர். அவரோ அதனைக் கூட்டாட்சி நகர் என்று குறிப்பிடுவதையே வழக்கமாகக் கொண்டிருந்தார். 1800இல் அரசு அங்குக் குடிபுகுமுன், 1799 டிசெம்பர் 14ஆம் நாள், அவர் உயிர்நீத்தார். தம் பெயர் பூண்ட நகரிலிருந்து அவர் ஒருநாளேனும் ஆண்டதில்லை.

நகருக்குப் பெயரிட்ட அதே 1791இன் இறுதியில், இங்கிலாந்தின் குலமரபுச் சின்னங்களைக் காக்கும் தலைமை அலுவலர் சேர் ஐசாக் ஹேட் அவருடைய முன்னோரைப் பற்றி வினவி ஒரு மடல் விடுத்தார். 1792 மே மாதத்தில் விடை எழுதிய வாஷிங்டன், தம் குடிவழியைப் பற்றித் தாம் மிகுதியும் கருத்துச் செலுத்தியதில்லை என்று தெரிவித்து, தாம் திரட்டக்கூடிய சில குறிப்புகளை மட்டும் உடன் அனுப்பினார். அறுநூறு ஆண்டுக்கு அணித்தான தொடர்ச்சியுடைய ஒரு குடியின் புகழ்மிக்க மகன், அத்தொடர்ச்சியை ஒரு பெருமையாகக் கொள்ளவில்லை.

அவருக்கு மக்கட்பேறும் இல்லை. 1759இலே தாம் மணந்த மார்த்தா அம்மையாரின் முன்னை மணத்துப் பிள்ளைகள் இருவரையே வளர்த்தார். வாஷிங்டன் என்னும் பெயர் அவர் உடன்பிறந்தார் வழியிற் சென்றதேயன்றி, அவர் வழியிற் செல்லவில்லை.

ஆயினும் மவுண்ட் வேர்ணனில் வாழ்ந்தோர் அக்குடும்பத்தினர் மட்டுமல்லர். 1799இல் அங்கு 317 அடிமைகள் இருந்தனர். அவருள் 123 பேர் வாஷிங்டனுக்கு நேரே உரியவர். விடுதலைக்காகப் போராடிய தலைவர் தம் வாழ்நாள் முழுவதும் மனிதரை உடைமையாய்க் கொண்டிருந்தார் என்பது மறைக்கத் தகாத உண்மை. அதன் முரண்பாட்டை அவரும் உணர்ந்தார் என்பதற்கு அவருடைய மரணசாதனமே சான்று. தமக்குரியோர் மனைவியின் காலத்தின்பின் விடுதலை பெறவேண்டும் என அதில் விதித்தார். போர்க்காலம் முழுவதும் தம்மை விட்டகலாதிருந்த வில்லியம் லீ என்பவருக்கு மட்டும் உடனடி விடுதலை அளித்தார். மார்த்தா அம்மையார் கணவர் விதித்த காலம் வரை பொறுத்திராது, 1801 சனவரி முதல் நாளிலேயே ஏனையோரை விடுவித்தார். ஆனால் அம்மையாரின் முதற் கணவர் வழி வந்த அடிமைகளை விடுவிக்கும் உரிமை இருவருக்கும் இல்லை. அவர்கள் பிற்சந்ததியார்க்குப் பங்கிடப்பட்டனர். விடுதலை பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் இடையே மணவுறவு இருந்தமையால், பல குடும்பங்கள் இரண்டாய்ப் பிளவுண்டன.

அடிமை முறை 1865இல் நாடு முழுவதும் ஒழிந்தபோது, அதுகாறும் குடிப்பெயர் ஏட்டிற் பெறாதிருந்த இலட்சக்கணக்கானோர் பெயர் பெற்றனர். வாஷிங்டன் என்னும் பெயரைப் பூண்டோர் அவருட் பலர். அவர்கள் எல்லோரும் மவுண்ட் வேர்ணன் வழியினர் என்று கொள்ளுதல் கூடாது. 1856இல் அடிமையாய்ப் பிறந்து பின்னாளிற் பெருங் கல்வியாளராய் விளங்கிய புக்கர் வாஷிங்டனின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாடசாலையில் இடாப்பு எழுதிய ஆசிரியர் முழுப்பெயரை வினவியபோது, ஏனைய பிள்ளைகளுக்கு இரு பெயர்கள் இருக்கக் கண்ட அச்சிறுவர், தம் ஒற்றைப் பெயரோடு வாஷிங்டன் என்பதனைத் தாமே சேர்த்துரைத்தார். அது அவருடைய மாற்றுத் தந்தையின் இயற்பெயராகவும் இருந்தது. 2000ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, அமெரிக்காவில் வாஷிங்டன் என்னும் குடிப்பெயருடையோர் ஏறக்குறைய 1,63,000 பேர். அவருட் பத்தில் ஒன்பதின்மர் கறுப்பினத்தவர். ஆங்கில வீரர் ஒருவர் நிலத்தோடு பெற்ற பெயரை இன்று பெரிதும் தாங்கி நிற்போர், நிலமும் பெயரும் மறுக்கப்பட்டிருந்த மக்களின் வழித்தோன்றல்களே.

டர்ஹம் அணித்தான பழைய ஊரிலே அக்குடி வாழ்ந்த நிலத்தில் எழுந்த மாளிகை இடிபட இருந்தது. உள்ளூர்ப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் 1936இல் முயன்று அதனைக் காத்தார். 1955இலே புதுப்பித்துத் திறக்கப்பட்ட அது இன்றும் நிற்கின்றது. குடியின் சின்னத்தில் உள்ள சிவந்த கோடுகளும் விண்மீன்களும் 1938 தொடக்கம் அமெரிக்கத் தலைநகரின் கொடியில் விளங்குகின்றன. மவுண்ட் வேர்ணனில் வாழ்ந்த அடிமைகளின் இடுகாட்டிலோ புதைகுழிகள் பலவற்றிற் பெயர் இல்லை.

நம் மாணவர்க்கு ஊர்ப் பெயர் வரலாறும் குடிவழியும் தேடும் ஆர்வம் இன்று மிக்குள்ளது. அது வளர்க்கத்தக்கது. ஆனால் 1707இலே தொகுக்கப்பட்ட நம் தேசவழமையிலும் அடிமைகளைப் பற்றிய விதிகள் இருந்தன என்பதையும், இலங்கையில் அம்முறை 1844இலேயே சட்டத்தால் ஒழிந்தது என்பதையும் அவர்கள் உளங்கொள்ளல் வேண்டும். உறுதியிலும் தோம்பிலும் உடையவர் பெயரை எளிதிற் காணலாம். அவர் வயலை உழுதவரையும் வளவைக் காத்தவரையும் தேடிச் சேர்த்தபின்னரே ஊரின் வரலாறு நிறைவுறும்.